ரியூனியன் தீவு: மலைக்குக் காலை, மக்களுக்கு மாலை

காரைக்காலில் பிரெஞ்சு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மகளுக்கு இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரியூனியன் தீவில் வேலை. கிழக்குக் கரையில் சேந்த்-ஆந்த்ரே என்ற ஊரில் இருக்கிறாள். அவளைப் பார்க்க இதுவரை மூன்று முறை போயிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் இரண்டு மாதம் தங்கினேன். ஊரிலிருந்து யாராவது அங்கே போகிறார்கள் என்றால் உடனே எனக்குப் போன் வரும். "டீச்சர், எங்கே தங்கலாம், எரிமலை மேலே ஏற முடியுமா, சாப்பாடு கிடைக்குமா?" என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதல் பயணத்தில் மைதோ என்ற மலை முனைக்குப் போனோம். 2,200 மீட்டர் உயரம். அங்கிருந்து குனிந்து பார்த்தால் மஃபாத் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும் என்றார்கள். காலைச் சாப்பாட்டை முடித்து, ஒன்பது மணிக்கு மேல் நிதானமாகக் கிளம்பினோம். முனையை அடைந்தபோது கைப்பிடிக் கம்பிக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. பாலைக் கொட்டி வைத்த மாதிரி மேகம். ஒரு மணி நேரம் காத்திருந்து திரும்பினோம். அடுத்த வாரம் விடிவதற்கு முன்பே போய் நின்றோம். அடியில் ஒவ்வொரு குக்கிராமத்தின் தகரக் கூரையும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒன்பதரைக்குப் பள்ளத்தாக்கின் ஓரத்தில் ஒரு சிறு மேகம் எழுந்தது, பத்து மணிக்கு எல்லாம் மூடிவிட்டது.

இது அநேகமாகத் தினமும் நடப்பதுதான். வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகும். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அந்தச் சரிவுகளில் மேலேறிக் குளிர்ந்து மேகமாகும். அதனால் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது ஒன்றுதான்: மலைக்குக் காலையைக் கொடுங்கள். கோயில், சந்தை, அருங்காட்சியகம், யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார்ந்து பேசுவது எல்லாவற்றையும் மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரிசை சரியாக அமைந்தால் பத்து நாளில் தீவை நன்றாகப் பார்த்துவிடலாம். மாறிப்போனால் ஒரு மாதம் இருந்தாலும் மேகத்தைத்தான் பார்ப்பீர்கள்.

கிளம்புவதற்கு முன்

ரியூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம், 1946-இலிருந்து அப்படித்தான். பணம் யூரோ. ஆனால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசா போதும் என்ற ஷெங்கன் எல்லைக்குள் அது வராது. பாரிஸ் போக வாங்கிய ஷெங்கன் விசா கையில் இருக்கிறது, அதுவே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். விசா விண்ணப்பிக்கும்போதே ரியூனியன் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். மொரிஷியஸிலிருந்து விமானத்தில் முக்கால் மணி நேரம்தான். இரண்டு தீவையும் சேர்த்துப் பார்க்கலாம், ஆனால் ரியூனியனுக்குக் குறைந்தது ஒரு வாரத்தை ஒதுக்குங்கள்.

மே முதல் அக்டோபர் வரை உலர்ந்த காலம், நடைக்கு அதுதான் நல்லது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை சூடு, மழை, புயல். அங்கே மழை என்றால் நம் ஊர் ஐப்பசி மழையை மனதில் வைத்துக் கணக்குப் போட முடியாது. 1966 ஜனவரியில் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. இன்றுவரை அது உலக சாதனை. புயல் எச்சரிக்கை சிவப்புக்குப் போனால் யாரும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்பது சட்டம். விருந்தாளிக்கும் அதே சட்டம்தான். அந்த மாதங்களில் போவதாக இருந்தால் திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் இரண்டு நாள் சும்மா விட்டு வையுங்கள்.

கரையோரம் மஞ்சள் நிறப் பேருந்துகள் ஓடுகின்றன, ஊர் விட்டு ஊர் போக அவை போதும். மலைக்கு விடியலில் போக வேண்டும் என்றால் வாடகைக் கார்தான். சாலையில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். மலைச் சாலைகள் குறுகலானவை. இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் முதல் இரண்டு நாள் கரையிலேயே ஓட்டிப் பழகிவிட்டு மேலே ஏறுங்கள்.

ஒரே இடத்தில் அறை எடுத்துத் தினமும் போய் வருவது வீண் அலைச்சல். தீவைச் சுற்றும் சாலை சுமார் 200 கிலோமீட்டர்தான் என்றாலும், உள்ளே ஏறும் பாதைகள் நேரத்தைத் தின்றுவிடும். கிழக்கே சில இரவுகள், எரிமலைக்குப் பக்கத்தில் பூர்-முராவில் ஓர் இரவு, மலைக்கு உள்ளே சிலாவோஸில் ஓர் இரவு, மீதி தெற்கிலோ மேற்கிலோ என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் ஒரு கம்பளிச் சட்டை கட்டாயம் இருக்க வேண்டும். வெப்பமண்டலத் தீவுதானே என்று பருத்திப் புடவையோடு மேலே போன எனக்கு ஜூலை காலையில் விரல்கள் மரத்துப்போயின.

எரிமலைக்குப் போகும் நாள்

தீவில் இரண்டு எரிமலைகள். பெரியது பித்தோன் தே நேஜ், 3,070 மீட்டர், இந்தியப் பெருங்கடலிலேயே உயர்ந்த சிகரம். அது உறங்கி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. விழித்திருப்பது தென்கிழக்கில் உள்ள பித்தோன் தெ லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர். 'உலைக்கள மலை' என்று பெயரை மொழிபெயர்க்கலாம். உலகத்திலேயே அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. ஆனால் பெரும்பாலும் சத்தமாக வெடிப்பதில்லை. பிளவிலிருந்து குழம்பு பொங்கி வழியும்.

நமக்கும் இதற்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. பூமிக்கு அடியில் ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் வெப்ப ஊற்று ஒன்றுதான் இந்தத் தீவைக் கக்கியது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவைச் சுமக்கும் நிலத்தட்டு அதன் மேலே இருந்தபோது, அதே ஊற்றுதான் தக்காணத்தின் கருங்கல் அடுக்குகளைக் கொட்டியது. தட்டு வடக்கே நகர நகர, லட்சத்தீவு, மாலத்தீவு, மொரிஷியஸ் என்று தடம் விழுந்தது. இப்போது ஊற்றின் தலைமேல் உட்கார்ந்திருப்பது ரியூனியன். மகாராஷ்டிரத்தில் மலைத்தொடர்களைப் பார்த்தவர்கள் இங்கே அந்தப் பாறையின் பிள்ளைப்பருவத்தைப் பார்க்கலாம்.

முந்தின மதியம் பூர்-முராவில் உள்ள சித்தே துய் வொல்கான் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். ஒன்றரை மணி நேரம் போதும், மறுநாள் காலடியில் கிடக்கும் கல்லுக்கெல்லாம் பெயர் தெரிந்திருக்கும். மறுநாள் இருட்டோடு கிளம்பி மலைச் சாலையில் ஏறுங்கள். மரங்கள் குட்டையாகிப் புதராகும், புதரும் மறையும். ஒரு வளைவில் திடீரென்று பிளேன் தே சாப்ள் விரியும். செம்பழுப்பு மணல்வெளி, ஒரு செடி இல்லை, நடுவே ஒரு மண் பாதை. காரை நிறுத்தி இறங்கி ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். என் பேத்தி கூட அங்கே பேசவில்லை.

பாதை முடியும் இடம் பா தெ பெல்கோம்ப், 2,311 மீட்டர். இங்கிருந்து கீழே பார்த்தால் ஆங்க்ளோ என்று சொல்லும் பெரிய இடிந்த வட்டமும், அதன் நடுவே எரிமலையின் கூம்பும். இறங்க ஐந்நூறுக்கு மேல் படிகள். உள்ளே போக அனுமதி உண்டா என்பதை மாவட்ட நிர்வாகம் அறிவிக்கும். எரிமலை ஆய்வகம் நிலநடுக்க அளவுகளை வைத்து எச்சரித்ததும் வாயில் மூடப்படும். மூடியிருந்தால் தாண்டிப் போகாதீர்கள். மேலே நின்று பார்ப்பதே பெரிய காட்சி.

திறந்திருந்தால் இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள். ஃபோர்மிக்கா லெயோ என்ற சிறிய சிவப்புக் கூம்பு வரை போய் வருவது குழந்தைகளுக்கும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும். நான் அதுவரைதான் போனேன். படி ஏறித் திரும்பும்போது நேரம் எடுக்கும், அவசரப்படாதீர்கள். எரிமலை உச்சியில் இருக்கும் தோலோமியே பள்ளத்தின் விளிம்பு வரை போய் வர ஐந்தாறு மணி நேரம் ஆகும், மகளும் மருமகனும் போனார்கள். 2007 ஏப்ரலில் இந்தப் பள்ளத்தின் தரை 300 மீட்டருக்கு மேல் உள்ளே இறங்கிவிட்டது. அடியில் இருந்த குழம்பு பக்கவாட்டில் வடிந்துபோனதால் மேலே இருந்தது தாங்க ஆளில்லாமல் சரிந்தது.

பாறையில் வெள்ளைச் சாயத்தால் குறி போட்டிருப்பார்கள். பனிமூட்டம் வந்தால் அந்தக் குறிதான் கண். ஒரு குறியிலிருந்து அடுத்தது தெரியவில்லை என்றால் நகராமல் நில்லுங்கள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், வழியில் ஒரு சொட்டுக் கிடைக்காது. நிழலும் இல்லை. செருப்பு கூடாது, கெட்டியான காலணி வேண்டும். நடக்கும்போது இரண்டு வகைக் கல்லைப் பாருங்கள். ஒன்று தயிர் ஆடை சுருங்கிய மாதிரி, கயிறு முறுக்கிய மாதிரி வழவழப்பாக இருக்கும். இன்னொன்று கரடுமுரடாக, உடைந்த ஜல்லிக் கல் மாதிரி. அதைத் தீவுக்காரர்கள் 'கிராத்தோன்' என்பார்கள், பன்றிக் கொழுப்பைப் பொரித்தெடுத்த மொறுமொறுப்பான துண்டுக்கும் அதே பெயர்தான். விழுந்தால் தோலைச் சீவிவிடும்.

ஆண்டு எழுதிய சாலை

ஏற முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். எனக்கு எரிமலையைப் புரியவைத்தது கூம்பு இல்லை, கரையோரச் சாலைதான். சேந்த்-ரோஸிலிருந்து சேன்-ஃபிலீப் வரை கிரான் புருலே வழியாகக் காரில் போங்கள். கடலுக்கு வழிந்த ஒவ்வொரு குழம்புப் பாளத்தின் ஓரத்திலும் அது வந்த ஆண்டைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆண்டைப் பார்த்துவிட்டு, அந்தப் பாளத்தில் என்ன முளைத்திருக்கிறது என்று பாருங்கள். புதியதில் கறுப்பு மட்டும். அப்புறம் சாம்பல் நிறத்தில் பாசிக்காளான் படரும், தூரத்திலிருந்து வெள்ளி தூவிய மாதிரி இருக்கும். அதற்குப் பின் வெடிப்புகளில் பெரணி, அப்புறம் புதர். மிகப் பழைய பாளத்தைக் காடு மூடியிருக்கும், சொன்னால்தான் அது குழம்பு என்று தெரியும். அரை நாளில் ஒரு காடு பிறக்கும் கதையை வரிசையாகப் படித்துவிடலாம்.

வடக்கிலிருந்து வந்தால் முதலில் பித்தோன் சேந்த்-ரோஸ். 1977 ஏப்ரலில் குழம்பு வழக்கமான எல்லையைத் தாண்டி இந்த ஊருக்குள் வந்தது. வீடுகளை எரித்து, சாலையைக் கடந்து, மாதா கோயில் வாசலை எட்டி, அங்கே நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு போன பாளம் இன்றும் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. அன்று முதல் அது குழம்பு மாதா கோயில். நான் போனபோது ஒரு மூதாட்டி பூ வைத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் குங்குமம். அங்கே அது விசித்திரமில்லை. ஞாயிறு பூசைக்கும் போவார்கள், மாரியம்மனுக்கும் விரதம் இருப்பார்கள்.

திராம்ப்ளேவில் 2007-இன் பாளம் மிகப் பெரியது. அந்தக் குழம்பு கடலில் விழுந்து தீவுக்குப் புது நிலம் சேர்த்தது. ஒதுங்கிய மணலில் ஒலிவின் என்ற பச்சை மணிகள் மின்னும். அள்ளிப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அங்கே குளிக்கவும் கூடாது, அலை இழுத்துவிடும்.

குளிப்பதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தீவைச் சுற்றிச் சுறாக்கள் தாக்கி உயிர்கள் போயிருக்கின்றன. பவளத்திட்டு அணைகட்டிய மாதிரி காக்கும் இடத்தில், மேற்கே லெர்மித்தாஜ், லா சலீன் பக்கம், ஆழமில்லாத நீரில் மட்டும் இறங்குங்கள். பலகை தடை என்று சொன்னால் தடைதான்.

மூன்று பெரிய கிண்ணங்கள்

உறங்கும் எரிமலையைச் சுற்றி மழை அரித்தும் நிலம் சரிந்தும் மூன்று பெரிய பள்ளங்கள் உண்டாகியிருக்கின்றன. சலாசி, சிலாவோஸ், மஃபாத். சுற்றிலும் ஆயிரம் மீட்டர் சுவர்கள், நடுவே முகடுகளும் ஓடைகளும். இந்தச் சிகரங்களையும் கிண்ணங்களையும் சுவர்களையும் 2010-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சொத்தாக அறிவித்தது.

சிலாவோஸுக்குப் போகும் சாலையில் நானூறுக்கு மேல் வளைவுகள். வாந்தி மாத்திரையும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே போனால் வெந்நீர் ஊற்று, நூல் வேலைப்பாடு, பருப்பு. சிலாவோஸ் பருப்பு சிறியது, விலை அதிகம், ஆனால் ஒரு முறை சாப்பிட்டால் அந்த விலை ஏன் என்று தெரியும். படிக்கட்டு வயல்களில் கையால் விதைத்துக் கையால் அறுக்கிறார்கள்.

சலாசியில் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. பள்ளத்தாக்கு முழுக்கப் பந்தல் பந்தலாக, மரத்தின் மேலும் மின்கம்பத்தின் மேலும் ஏறிக் கிடப்பது நம் சௌசௌ. அங்கே 'ஷூஷூ'. காயைக் கூட்டு மாதிரியும், பாலாடைக்கட்டி போட்டுச் சுட்டும் செய்வார்கள். தளிரைக் கீரையாக வதக்குவார்கள். தண்டு நாரில் தொப்பி பின்னுவார்கள். ஒரு கொடியை இவ்வளவு முழுதாகப் பயன்படுத்துவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எல்-பூரில் பழைய கிரியோல் வீடுகள் இருக்கின்றன. மரத்தில் வெட்டிய பூவேலைத் தோரணம் கூரை ஓரமெல்லாம் தொங்கும். மேகம் இறங்கிய பிறகும் அழகாக இருக்கும் ஊர் இது ஒன்றுதான், அதனால் மதியத்துக்கு இதை ஒதுக்கலாம்.

மஃபாத்துக்குச் சாலை இல்லை. உள்ளே இருக்கும் எழுநூறு எண்ணூறு பேருக்கு அரிசியும் எரிவாயுவும் ஹெலிகாப்டரில் வரும். இவ்ரின் போசே என்ற தபால்காரர் 40 ஆண்டுகள் இந்தப் பாதைகளில் நடந்தே கடிதம் கொடுத்தார், தீவில் அவர் பெயர் தெரியாதவர் இல்லை. நமக்கு எளிதான வழி சலாசி பக்கம் கோல் தே பே கணவாயில் காரை விட்டு, லா நூவெல் குக்கிராமத்துக்கு நடப்பது. போக இரண்டு மணி நேரம். திரும்பி வருவது ஏற்றம், அதற்கு அதிகமாக வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். விடுதியை வாரக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், போய்ச் சேர்ந்த பிறகு சொன்னால் அங்கே கடை கிடையாது. மூடிய பாதைகளின் பட்டியலை வனத்துறை வெளியிடும், முந்தின நாள் பார்த்துவிடுங்கள்.

நடக்கும்போது பெயர்களைக் கவனியுங்கள். மஃபாத், சிமாந்தெஃப், ஆன்ஷேங், எல்லாம் மனிதர்களின் பெயர்கள். கரையோரத் தோட்டங்களிலிருந்து தப்பி, பிடித்தால் கொல்வார்கள் என்று தெரிந்தே இந்தச் சுவர்களில் ஏறி வந்த மடகாஸ்கர், ஆப்பிரிக்க அடிமைகள். அவர்கள் ஒளிந்த முகடுகள் அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கின்றன. பள்ளத்தாக்கின் அழகை மட்டும் பார்த்து வருவது எனக்குப் போதவில்லை. ஒருவர் ஏன் இங்கே வந்து வாழ வேண்டியிருந்தது என்று தெரிந்த பிறகுதான் அந்தச் சுவரின் உயரம் எனக்கு உறைத்தது.

சமையலறையில் கேட்கும் தமிழ்

இப்போது மதியத்துக்கு வருவோம். சந்தைக்குப் போங்கள், பையை நிரப்புவதை விடக் காதைத் திறந்து வைப்பது முக்கியம். முதல் நாள் என்னை நிறுத்திய சொல் 'கலுப்பிலே'. விற்பவர் கையில் கறிவேப்பிலைக் கொத்து. கருவேப்பிலை அங்கே இப்படி ஆகியிருக்கிறது. கொத்தமல்லி 'கொத்தோமிலி'. பீர்க்கங்காய் 'பிப்பாங்காய்'. முருங்கைக்கீரை 'பிரேத் முருங்'. மசாலா 'மசாலே'. 'ருகாய்' என்றால் தக்காளியையோ மாங்காயையோ மிளகாயோடு நசுக்கிச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளச் செய்வது. நம் ஊறுகாய் என்ற சொல்தான் அது. ஒரு எச்சரிக்கை: 'சாஃப்ரான்' என்று கேட்டால் மஞ்சள்தூள் கொடுப்பார்கள், குங்குமப்பூ இல்லை.

இந்தச் சொற்கள் வந்த வழி எளிதானதில்லை. 1848 டிசம்பர் 20 அன்று தீவில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்று இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்தார்கள். 1828-இலேயே ஏனாமிலிருந்து சிலர் வந்திருந்தார்கள், ஆனால் பெருங்கூட்டம் வந்தது அடிமை ஒழிப்புக்குப் பின்தான். லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். புதுச்சேரியிலிருந்தும் எங்கள் காரைக்காலிலிருந்தும் கப்பல் ஏறினார்கள். கூலிகள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டு 1882-இல் பிரிட்டிஷ் அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. வந்தவர்களின் பெயரைக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ராமசாமி, வீராப்பிள்ளை, முத்துசாமி எல்லாம் பிரெஞ்சு எழுத்தில் குடும்பப் பெயர்களாகிவிட்டன. தபால் பெட்டிகளில் வாசித்துக்கொண்டே நடப்பேன்.

அவர்களை அங்கே 'மல்பார்' என்பார்கள். அவர்களிடம் தமிழில் பேச்சைத் தொடங்காதீர்கள். பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து தீவிலேயே உருவான மொழி. தமிழ் வழிபாட்டிலும் சமையலிலும்தான் தங்கியிருக்கிறது. "உங்களுக்குத் தமிழ் தெரியாதா?" என்று கேட்பது அவர்களை நோகடிக்கும். ஐந்தாறு தலைமுறை முன்பு பறிபோனதற்கு அவர்கள் பொறுப்பில்லை. "கொமான் இ லே?" என்று கேளுங்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று அர்த்தம். "லே லா" என்று பதில் வரும். பேச்சு தானாக வளரும். கொஞ்ச நேரத்தில் அவர்களே தங்கள் பாட்டி சொன்ன ஒரு சொல்லைச் சொல்லி, இதற்கு என்ன பொருள் என்று உங்களைக் கேட்பார்கள்.

சாப்பாட்டு நேரத்தையும் சொல்லிவிட வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு மேல் உணவகங்கள் மூடிவிடும், மறுபடி இரவுக்குத்தான் திறப்பார்கள். மலையிலிருந்து பன்னிரண்டரைக்குள் இறங்குங்கள். சோறு, பருப்போ பயறோ, கீரை, ருகாய், நடுவே கறி என்று தட்டு வரும். விறகடுப்பில் வைத்த கறி என்று எழுதியிருந்தால் அங்கே உட்காருங்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பம் குடும்பமாகப் பெரிய சட்டிகளோடு கடற்கரைக்கும் காட்டுக்கும் போய்ச் சமைத்துச் சாப்பிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தால் ஒரு தட்டு உங்களுக்கும் வரும். மறுக்காதீர்கள், பதிலுக்குக் கொடுக்க ஏதாவது பழம் வைத்திருங்கள்.

கோயிலில் எப்படி இருப்பது

சேந்த்-ஆந்த்ரே, சேன்-போல், சேன்-பியேர், சேன்-தெனி என்று எல்லாப் பெரிய ஊர்களிலும் கோபுரங்கள் உண்டு. இன்னொரு வகையும் உண்டு. கரும்புக்காட்டு ஓரத்தில், பழைய ஆலைப் பக்கத்தில், கூலிகள் கட்டிக்கொண்ட சிறிய கோயில்கள். காளி, மாரியம்மன், மதுரைவீரன், முனீஸ்வரன். 'மால்தேவிரின்', 'மினிஸ்ப்ரென்' என்று சொல்வார்கள், இரண்டு முறை காதில் விழுந்தால் பிடிபடும். சில கோயில்களில் ஆடு, கோழி பலி உண்டு. பார்க்க முடியாவிட்டால் அமைதியாக விலகி நில்லுங்கள், முகம் சுளிக்க வேண்டாம். ஊரை விட்டு வந்தவர்கள் கையில் எடுத்து வந்த வழிபாடு அது.

தீமிதி அவர்களுக்கு மிகப் பெரியது. 'பாந்தியாலே' என்று அவர்கள் அழைப்பது நம் திரௌபதியம்மனை. வருடக் கடைசியிலும் ஜனவரியிலும் பல ஊர்களில் நடக்கும். 18 நாள் விரதம் இருந்து, மஞ்சள் உடுத்தி, குடும்பமாக இறங்குகிறார்கள். வேடிக்கை பார்க்கப் போகிறீர்கள் என்றால் அன்று நீங்களும் அசைவம் தவிர்த்துவிட்டுப் போங்கள். தோல் பொருள்களை வெளியே விடுங்கள். படம் எடுக்கலாமா என்று முதலில் பூசாரியைக் கேளுங்கள். அங்கேயும் அவர் 'பூசாரி'தான். இரவெல்லாம் மகாபாரதக் கதை ஆடும் கூத்து ஒன்றும் உண்டு, 'நார்ல்கோன்' என்பார்கள். நடத்துபவர் 'வர்த்தியால்', நம் வாத்தியார். யாராவது அழைத்தால் தூக்கத்தைப் பார்க்காமல் போங்கள்.

டிசம்பர் 20 அன்று தீவில் இருந்தால் மலோயா கேட்காமல் வராதீர்கள். அடிமைகளின் பாட்டும் ஆட்டமும் அது. கரும்புப் பூத்தண்டுகளைச் சேர்த்துக் கட்டி, உள்ளே விதை போட்ட 'கயாம்ப்' என்ற கருவியை ஆட்டினால் மழை வருகிற மாதிரி சத்தம் வரும். நெடுங்காலம் ஒதுக்கி வைத்த இசை, 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஃபிர்மேன் விரி, தன்யேல் வாரோ பாடியதை முன்பே கேட்டுவிட்டுப் போனால் ஊரின் குரல் பழகியிருக்கும்.

கிழக்கே இருக்கும்போது ஒரு வனிலாத் தோட்டத்துக்குப் போங்கள். செடி மெக்சிகோவிலிருந்து வந்தது, அதன் பூவில் மகரந்தம் சேர்க்கும் தேனீ வரவில்லை. கொடி வளரும், காய்க்காது. 1841-இல் சேந்த்-சுசானில் எத்மோன் அல்பியூஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், ஒரு மெல்லிய குச்சியால் பூவுக்குள் இருக்கும் தடுப்பைத் தூக்கி, கட்டை விரலால் மகரந்தத்தை அழுத்திக் காட்டினான். உலகம் முழுக்க இன்றும் அதே விரலசைவுதான். பூ ஒரே காலைதான் விரிந்திருக்கும், செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பூக்கும். அந்த மாதங்களில் போனால் காலையிலேயே போங்கள், மலைக்கான காலைகளில் ஒன்றை இதற்கு விட்டுக்கொடுக்கலாம்.

கிராந்த் ஷலூப்

கடைசி நாளுக்கு நான் எப்போதும் இந்த இடத்தை வைத்துக்கொள்வேன். சேன்-தெனிக்கும் லா போசெசியோனுக்கும் நடுவே, இரண்டு மலைச் சுவர்களுக்கு இடையில் கடலைப் பார்த்த ஒரு சிறிய பள்ளம். கூலிக் கப்பல்களில் வந்தவர்களை நேரே தோட்டத்துக்கு அனுப்ப மாட்டார்கள். அம்மை, காலரா இருக்கிறதா என்று பார்க்க இங்கே தனிமையில் வைத்தார்கள். அந்தக் கட்டடங்களில் ஒன்றைச் சீர்செய்து காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். நீளமான கூடம், தடித்த சுவர். அருகே கல்லறைகள்.

திறக்கும் நாளையும் நேரத்தையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். காரில் வரலாம். நடக்க முடிந்தவர்கள் லா போசெசியோன் பக்கமிருந்து 'ஆங்கிலேயர் பாதை' வழியாக வாருங்கள். 18-ஆம் நூற்றாண்டில் போட்ட பாதை, 1810-இல் தீவைப் பிடித்த ஆங்கிலேயப் படை இந்தப் பக்கம் இறங்கியதால் அந்தப் பெயர். நிழல் குறைவு, எட்டு மணிக்கு முன் தொடங்குங்கள். மழை பெய்திருந்தால் தவிர்த்துவிடுங்கள், வழுக்கும். வழி நெடுகப் பதித்திருப்பது எரிமலைக் கருங்கல். பல ஆண்டு நடையில் தேய்ந்து, நடுவில் லேசாகக் குழிந்திருக்கிறது. காலை வைக்கும்போது அந்தக் குழியில் வையுங்கள், அதுதான் வழுக்காத இடம்.